முதலாம் மெசினில் கழுவிய சால்வை

முல்லைத்தீவு
20 ஜனவரி 2024

என் அன்புச் சுமி,

இங்கே எல்லோரும் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. உன்னைக் கண்டதில்லை என்றாலும் 'கம்பஸ் சிநேகிதி' என்றால் அவவுக்கு ஒரு பாசம்.

குரல் பதிவாக அனுப்பு என்கிறாய். கைபேசியைப் பார்த்துத் தனியே கதைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு வருடத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேளாதவள் நான். எழுதினால்தான் எனக்கு வாய் வரும். பொறுத்துக்கொள்.

உன் மேற்படிப்புக்காக நீ வரைந்த பொதுச் சலவை நிலையம் கடைசியில் எங்கள் குடியேற்றத்துக்கே வந்துவிட்டது. அதற்கு நான் வெளிக்கள உத்தியோகத்தர். வெளிக்களம் என் வீட்டு வாசல். சிரிக்காதே.

தேவை உண்மையானதுதான். முன் தெருவில் எங்களைப் போலக் கடலுக்குப் போகிற வீடுகள். பின் வரிசையில் மலையகத்தில் இருந்து வந்து, வயலிலும் கச்சான் கடலைத் தோட்டத்திலும் வேலை செய்கிற வீடுகள். இரண்டு பக்கமும் மாதத் தவணைக் கட்டுக்காசுக்கு வாங்கிய சலவை மெசின்கள் உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்கின்றன. மரியநேசன் மாமா வீட்டு மெசினுக்குள் கோழி அடை கிடக்கிறது. வீட்டுக்கொன்று வாங்கி வீட்டுக்கொன்று எறிவதைவிட ஊருக்கு இரண்டு நல்ல மெசின் போதும் என்று நீ எழுதியதை நான் நம்புகிறேன்.

நம்ப முடியாதது செயலமர்வு. திட்ட இணைப்பாளர் ரூபன் எல்லோரையும் எழுப்பி, "கண்ணை மூடுங்கோ. நீங்கள் இப்ப ஒரு மரம்" என்றார். பெண்கள் மரமாக நின்றார்கள். பின் வரிசை அமராவதி அக்கா ஒரு கண்ணைத் திறந்தா.

"உடுப்புத் தொவைக்கப் பேச வந்தோம் சார். மரமா நின்னா யாரு தொவைக்கிறது?"

"அம்மா, இது மனசைத் திறக்கிற பயிற்சி."

"எங்க மனசு தொறந்துதாங்க கெடக்கு. வீட்டுக்குத்தான் இன்னும் கதவு போடல."

எல்லோரும் சிரித்தார்கள். ரூபனும் சிரித்தார், ஆனால் அவவின் பெயரை வருகைப் பதிவில் பார்த்துக்கொண்டார். பிறகு படத்துக்காக ஒருமுறை கையை உயர்த்தச் சொன்னார். வெளிச்சம் போதாது என்று இன்னொரு முறை. 'நிலைபேறான நுகர்வு' என்று எழுதிய பதாகைக்குக் கீழே ஆளுக்கொரு குட்டித் தண்ணீர்ப் போத்தல். கூட்டம் முடிந்ததும் பாதி குடித்த அந்தப் போத்தல்களைப் பொறுக்கியது நான்தான். ஒவ்வொன்றின் வாயிலும் வடை எண்ணெய். எனக்குக் குமட்டியது.

அடுத்த கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று எழுது. மரமாக நிற்கச் சொல்லாதே.

உன் வாளியின் மற்றப் பாதி,
கலிஸ்ரா


ஸ்டொக்ஹோம்
3 பெப்ரவரி 2024

அடியே கலி,

உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள். அந்த அமராவதியை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது.

இந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொந்த மெசின் இல்லை. நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று. முதல்நாள் அங்கே இறங்கியபோது சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: 'வடிகட்டியில் கிடந்த மயிர் யாருடையது? வெட்கமில்லையா?' அதற்குக் கீழே வேறொரு கை எழுதியிருந்தது: 'உன்னுடைய நாயினுடையது.' கலி, பணக்கார நாட்டிலும் அடுத்தவரின் அழுக்குத்தான் பிரச்சினை. பொதுவாகப் பாவிக்கிற பொருளை வடிவமைக்கிறவர்கள் எத்தனை பேருக்கு, எந்த நேரம் என்றெல்லாம் கேட்பார்கள். மற்றவரின் எது உனக்கு அருவருப்பு என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கடைசியில் அதில்தான் எல்லாம் உடைகிறது.

ஆகவே அதையே கேள். பெயரில்லாமல் ஆளுக்கொரு அட்டையில் எழுதட்டும். பிறகு அந்த அருவருப்புகளுக்கு அவர்களே வழி கண்டுபிடிக்கட்டும்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பேராசிரியர் கேட்டார். விடுதியில் நாங்கள் இரண்டு பேரும் பாவித்த ஒற்றை வாளியில் இருந்து என்றேன். உன் உடுப்பில் மீன், என் உடுப்பில் விறகுப் புகை. ஒரே நுரையில் இரண்டும் போனது. அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

ஒன்று மட்டும் கவனி. பின் வரிசைப் பெண்கள் பேச வேண்டும். எங்கள் செட்டிகுளத்தில் கிணற்றுக் கூட்டம், விதைநெல் கூட்டம் எல்லாவற்றிலும் என் அம்மா வாசலுக்கு வெளியே நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ராஜரத்தினத்தின் மகள் நான் ஒரு திட்டம் வரைந்து, அதிலும் அவர்கள் வெளியே நின்றால் நான் படித்தது எதற்கு?

வாளியின் இந்தப் பாதி,
சுமித்திரா


முல்லைத்தீவு
17 மார்ச் 2024

அன்புள்ள சுமி,

உன் அட்டைகள் வேலை செய்தன. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு பிந்தியது.

ரூபன் ஒவ்வொன்றாக வாசித்தார். பிள்ளையின் மூத்திரத் துணி. மீன் செதிள். வெற்றிலை எச்சில் பட்ட இடுப்புச் சாரம். அடுத்தவளின் புருசனுடைய உள்ளுடுப்பு. "எந்தப் புருசன் எண்டு எழுதேல்லையோ?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். முன் தெருவும் பின் வரிசையும் சேர்ந்து சிரித்தன. அந்தக் கொஞ்ச நேரம் அது நீ விரும்பிய கூட்டம்தான்.

அடுத்த அட்டையையும் ரூபன் அதே குரலில் வாசித்தார். "பின் வரிசை ஆக்களின் உடுப்பு."

அப்போது கதிரையைத் தள்ளிவிட்டு ஒருவர் எழும்பினா. என் அம்மா.

"நான்தான் எழுதினது. பேரில்லாமல் எழுத இந்த மதலேனாவுக்கு என்ன பயம்? தோட்டக்காட்டு ஆக்கள் உடுத்ததைச் சுத்தின மெசினுக்குள்ள என்ர பூசைச் சீலையைப் போடச் சொல்லுறியளோ? எனக்கு வயித்தைப் பிரட்டும்."

அமராவதி அக்கா இருந்த இடத்தில் இருந்தே சொன்னா: "ஒங்க உடுப்புல மீன் செதிலு, எங்க உடுப்புல சேத்து மண்ணு. மெசினுக்கு மூக்கு இல்லீங்கக்கா."

"ஆரை அக்கா எண்டுறாய்?"

நான் மேசையில் பசைப் போத்தலைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தேன். ரூபனின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "அருமை! இதைத்தான் நாங்கள் தேடினது" என்றார். அம்மா சொன்னதை ஒரு ரோசாப்பூ நிறக் கடதாசியில் 'பாவனையாளரின் ஆழமான தேவை' என்று மாற்றி எழுதிச் சுவரில் ஒட்டினார். பிறகு தெரிவுகள். பிறகு வாக்குப் போட ஆளுக்கொரு வட்ட ஒட்டி. எது வென்றது தெரியுமா? முதலாம் மெசின் மாபிள் தரை போட்ட அறைக்குள், முன் தெருவுக்கு. இரண்டாம் மெசின் வெளியே தகரக் கொட்டகையில், பின் வரிசைக்கு. பின் வரிசை ஆட்கள் பின் வேலிப் படலையால் வர வேண்டும்.

அமராவதி அக்காவும் தன் ஒட்டியை அதிலேயே ஒட்டினா. ஏன் என்று மெல்லக் கேட்டேன். "ஒங்கம்மா பாக்குற பார்வைல என் உடுப்பு காயாது மிஸ்" என்றா. ஆக, தீர்மானம் ஏகமனதானது. ரூபன் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

சுமி, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யுத்தத்துக்குப் பிறகு செட்டிகுளம் அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்து, "மீன் நாறுது, தள்ளி நில்" என்றாள். இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறவ அம்மா. அதே அம்மா கூட்டம் முடிந்து வந்து, ஒன்றும் நடவாதது போல எனக்குச் சோறு போட்டா. பிசைந்தேன். விழுங்க முடியவில்லை. அவவின் கையைப் பார்க்கவே அருவருத்தது. பெற்ற தாயின் கை.

இதை நீ நிறுத்த வேண்டும். திட்டம் உன்னுடையது. நீ ஒரு மின்னஞ்சல் போட்டால் ரூபன் கேட்பார். நான் சொன்னால் காற்றுக்கும் கேளாது.

காத்திருக்கிறேன்.
கலிஸ்ரா


ஸ்டொக்ஹோம்
21 ஏப்ரல் 2024

அன்பின் கலி,

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. என் திட்டத்தின் முன்வைப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் எழும்பி நின்றார். 'பண்பாட்டுக்கு இசைந்த வடிவமைப்பு' என்றார். முன்வைப்பில், ரூபன் அனுப்பிய அந்த ரோசாப்பூக் கடதாசியின் படத்தைப் போட்டேன். எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். நிதி தருகிறவர்கள் இன்னும் நான்கு ஊருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

யோசித்துப் பார். பாவிக்கிறவர்களே தீர்மானிக்கட்டும் என்பதுதான் என் முறை. அவர்கள் தீர்மானித்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று நானே அழித்தால், அது என்ன முறை? இரண்டு மெசினும் ஒரே மாதிரியானவை. எதுவுமே கிடைக்காத வரிசைக்கு ஒரு மெசின் கிடைக்கிறது. பின் படலையால் போனாலும் உடுப்பு வெளுக்கும். இதில் கோபப்பட உரிமை உள்ளவள் நான். எனக்கு வராத கோபம் உனக்கு ஏன்?

ஆனியில் திறப்பு விழா. வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த பிறகு வைக்கிறார்கள். நானும் வருகிறேன். உன் அம்மாவைக் காண ஆசை.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. என்னை அங்கே 'வவுனியாப் பிள்ளை' என்று மட்டும் சொல். செட்டிகுளம், லயம் என்று வேறு கதை வேண்டாம். என் ஊர்க்கதை தொடங்கினால் அன்றைய நாளை அது தின்றுவிடும்.

சுமித்திரா


முல்லைத்தீவு
7 ஜூலை 2024

சுமித்திராவுக்கு,

நீயும் அங்கே நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அங்கே நில்லாதவள் போல நின்றாய்.

நிறைகுடம் வைத்தோம், ரிப்பன் கட்டினோம். அம்மா உன் இரண்டு கன்னத்தையும் தடவி, "வெள்ளைக்காரற்ற நாட்டில படிக்கிற பிள்ளை. என்ர மகளின்ர சிநேகிதி. முகத்தில என்ன சாந்தம், பாருங்கோ" என்று தெருவுக்கே காட்டினா. எங்கள் வீட்டில் கிராம அதிகாரி விதானையாருக்கு மட்டும் எடுக்கிற கோப்பையில் உனக்குத் தேத்தண்ணி. யாரோ இடித்ததில் குடிக்கத் தந்த நெல்லிரசம் உன் நீலச் சால்வையில் ஊற்றுண்டது.

"ஐயோ, கழற்றுங்கோ மகள், கறை பிடிச்சிடும்!"

அம்மாவே வாங்கிப் போய் முதலாம் மெசினுக்குள் போட்டா. தன் கையால் சவர்க்காரத் தூள் போட்டா. ரூபன் படம் எடுத்தார். வட்டக் கண்ணாடிக்குள் சுழன்ற முதல் உடுப்பு உன்னுடையது. முன் தெரு முழுவதும் கைதட்டியது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது சொல்வாய், இந்தக் கணத்தில் சொல்வாய் என்று நினைத்தேன். ஒரு சொல் போதும். அந்த ரோசாப்பூக் கடதாசி அங்கேயே கிழிந்திருக்கும்.

அப்போதுதான் அமராவதி அக்கா வாசற்படியில் வந்து நின்றா. உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"மிஸ், நீங்க செட்டிகுளத்து ராஜரத்தினம் அண்ணன் மகதானே? அதே நெத்தி! நானும் ஒங்கப்பாவும் ஒரே தோட்டமுங்க."

அவவின் முகத்தில் இருந்த சந்தோசத்தை நீ கண்டாயா? நம்ம பிள்ளை ஒன்று முன் கதவால் வந்திருக்கிறது என்ற சந்தோசம் அது.

"இல்லையம்மா. நீங்கள் வேற ஆரையோ நினைக்கிறியள்."

எங்கள் முன் தெருப் பேச்சை என்னைவிட வடிவாகக் கதைத்தாய்.

அமராவதி அக்கா சுழல்கிற சால்வையைப் பார்த்தா. பிறகு உன்னை. "சரிங்க மிஸ். எனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றா. நெல்லுக்குள் நிற்கிற புல்லைப் பார்த்துப் பிடுங்குகிற கண் அது. பின் படலையைச் சுற்றிப் போய்விட்டா. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை.

சால்வை காய முன்னம் வான் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ரூபனையும் அம்மாவையும் பார்க்கையில் எனக்கு வந்த குமட்டலை நான் உனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது அதை யாருக்கு எழுதுவது?

அறிக்கையில் என் பெயரும் உன் பெயரோடு வருகிறது என்று ரூபன் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுது. எழுத முடியாவிட்டால் என் பெயரை எடுத்துவிடு.

கலிஸ்ரா


ஸ்டொக்ஹோம்
20 ஜூலை 2024

கலி,

அமராவதி மாமியை எனக்குத் தெரியும். உன் கடிதங்களில் பெயரால் பிடிபடவில்லை, வாசற்படியில் கண்டதும் பிடிபட்டது. சின்ன வயதில் காய்ச்சலுக்கு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவ. அதைத் தெரிந்துகொண்டுதான் இல்லை என்றேன். இனி என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம்.

ஆனால் இதையும் வாசி. பள்ளிக்கூடத்தில் உட்காரக் கடைசி வாங்குதான் எனக்கு. கம்பஸில் 'உங்கட பேச்சு ஒரு மாதிரி இருக்கே' என்பார்கள். இங்கே பேருந்தில் என் பக்கத்து இருக்கை கடைசியில்தான் நிரம்பும். அன்றைக்கு உன் அம்மா என் கன்னத்தைப் பிடித்தபோது, ஒரு நாள், ஒரே ஒரு நாள், முன் கதவால் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். உனக்கு அது அருவருப்பு. முன் கதவு வீட்டில் பிறந்தவளுக்கு அருவருப்பது சுலபம்.

நாலு வருடம் ஒரு வாளியில் உடுப்புத் துவைத்தோம். ஒரு லீவுக்கேனும் என்னை உன் வீட்டுக்குக் கூப்பிட்டாயா? மீன் சீசன் என்றாய், திருவிழா என்றாய், அம்மாவுக்குச் சுகமில்லை என்றாய். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

அறிக்கை அனுப்பியாயிற்று. 'இரு தரப்பும் முழுத் திருப்தி' என்று இருக்கிறது. உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சால்வை செட்டிகுளத்தில் இருந்து என் அம்மா தந்து அனுப்பியது. தயவுசெய்து தபாலில் அனுப்பு.

சுமித்திரா


முல்லைத்தீவு
4 ஓகஸ்ட் 2024

சுமி,

ஓம். கூப்பிடவில்லை. ஏன் என்று நீ நினைத்ததுதான் காரணம். உனக்குச் சொல்ல என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

வேலையை விட்டுவிட்டேன். ரூபன், "வெட்கப்படுகிற பிள்ளையளுக்கு இந்தத் துறை சரிவராது" என்றார். இங்கே வெட்கப்பட்டது நான் ஒருத்திதான் என்று சொல்ல நினைத்தேன். வழமைபோல வாய் வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் என் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின் படலையால் போனேன். கொட்டகைக்குள் நின்ற அமராவதி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"என்ன மிஸ், வழி தவறிட்டீங்களா?"

"இல்லையக்கா. மெசினில இடமிருக்கோ?"

"மெசின்ல இருக்கு. ஒங்க வீட்ல இருக்குமா?"

"தெரியேல்லை."

"மிஸ்னு கூப்புடவா, பேரச் சொல்லவா?"

"பேரைச் சொல்லுங்கோ."

"அப்ப போடு கலிஸ்ரா. மீன் செதிலு இருந்தா ஒதறிட்டுப் போடு. எம் மகன் பள்ளிக்கூடச் சட்டை உள்ள கெடக்கு."

தகரத்துக்குக் கீழே மெசின் தகட்டில் உப்புக்காற்று இப்போதே வேலையைத் தொடங்கிவிட்டது. மூலையில் துரு. இன்னும் ஒரு மாரிமழை தாங்குமோ தெரியாது. வீட்டுக்கொன்று எறியாமல் வரிசைக்கொன்று எறியப்போகிறோம். இதையும் உன் அறிக்கையில் சேர்க்கலாம்.

ஈர உடுப்போடு முன் தெருவால் நடந்து வந்தேன். வேண்டுமென்றேதான். அம்மா முற்றத்தில் நின்றா. கத்தவில்லை. "உன்ர உடுப்பை இனி என்ர கொடியில போடாதை" என்றா, அவ்வளவுதான். இப்போது எங்கள் வளவில் இரண்டு கொடி. கிணற்றடிப் பக்கம் அம்மாவுடையது. வேலியோரம் என்னுடையது. காற்றில் என் பாவாடை அவவின் பக்கம் பறந்தால் தடியால் தள்ளிவிடுகிறா. வயிற்றில் சுமந்த பிள்ளையின் பாவாடை. எங்கள் ஊர் எல்லாவற்றையும் பங்கிட்டுப் பாவிக்கத் தெரிந்த ஊர், சுமி. அருவருப்பையும்.

உன் சால்வை பழுதாகவில்லை. அம்மா அதை நிழலில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, அலுமாரியில் வைத்திருக்கிறா. இன்று ஞாயிறு. பூசைக்கு அதைத்தான் தலையில் போட்டுக்கொண்டு போனா. நற்கருணை வாங்கும்போதும் அது தலையில் இருந்தது. "வெளிநாட்டுத் துணி, எவ்வளவு மெத்தெண்டு இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவவுக்குத் தொட்டுக் காட்டினா. நான் பின் வாங்கில் இருந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு எழும்பி வெளியே வந்து கோயில் மதிலோரம் குனிந்து சத்தி எடுத்தேன்.

அது செட்டிகுளத்தில் உன் அம்மா தந்த துணி என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அம்மா அதை எரிப்பாவோ, எரிக்கக் கை வராமல் நிற்பாவோ என்று அறிய எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சொல் என்னுடையது அல்ல.

தபாலிலும் அனுப்ப மாட்டேன். நாலு வருடம் கூப்பிடாதவள் இப்போது கூப்பிடுகிறேன்: வீட்டுக்கு வா. முன் வாசலால் வா. அமராவதி அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா இந்த முறை உன்னிடம், நீங்கள் ஆரின்ர மகள் என்று கேட்பா. இங்கே யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அவவின் கையாலேயே அதை வாங்கு.

அதுவரை அது அலுமாரியில் இருக்கும், அம்மாவின் பூசைச் சீலைகளுக்கு மேலே.

கலிஸ்ரா